ஒலியை முந்தும் தனியார் ஜெட்டுகளுக்கு விதி எழுதும் முன்

மதிப்பிற்குரிய மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தாருக்கு,

வணக்கம். 1977 டிசம்பரில் லண்டனிலிருந்து பஹ்ரைன் வழியாகச் சிங்கப்பூருக்கு, ஒலியைவிட வேகமாகப் பறக்கும் பயணி விமானமான கான்கார்ட் வந்தது. மூன்று தடவை போய்வந்ததும் அதன் சத்தத்தைச் சொல்லி மலேசியா ஆட்சேபித்தது, சேவை நின்றது. 1979 ஜனவரியில் நம் வான்வெளியைச் சுற்றிக்கொண்டுதான் மறுபடி வந்தது. இன்று அதே கேள்வி சிறிய ஜெட்டுகளோடு திரும்புகிறது. ஏரியன் நிறுவனம் தன் ஏஎஸ்2 ஜெட்டைப் பறக்கவிடாமலே 2021இல் மூடப்பட்டாலும், 2025 ஜனவரி 28 அன்று பூம் நிறுவனத்தின் சோதனை விமானமான எக்ஸ்பி-1 ஒலிவேகத்தைத் தாண்டியது. தரையில் வெடிச்சத்தம் கேட்கவில்லை.

இதை வைத்து "சத்தமில்லாத விமானம்" என்று உங்களிடம் யாரும் விற்க வரலாம். சத்தம் அங்கேயும் உண்டு, தரைக்கு வராமல் வளைந்து மேலே போய்விட்டது, அவ்வளவே. 12 கிலோமீட்டர் உயரத்தில் மைனஸ் 50 டிகிரிக் குளிரில் ஒலி வினாடிக்குச் சுமார் 300 மீட்டர் போகும். தரையில் 30 டிகிரி வெயிலில் 349 மீட்டர். கீழே வர வர ஒலி வேகமெடுப்பதால் அலை மேல்நோக்கி வளைகிறது. ஆகவே காற்றில்லாத நாளில் ஏறக்குறைய மாக் 1.16 வரை, அதாவது அந்த உயரத்து ஒலிவேகத்தைப் போல் 1.16 மடங்கு வரை, வெடிச்சத்தமாகக் கேட்கும் அதிர்ச்சி அலை தரையைத் தொடாது. வினாடிக்கு 15 மீட்டர் பின்காற்று அடித்தால் அந்த வரம்பு 1.11க்கு இறங்கிவிடும். விடியற்காலைக் குளிரிலும் இறங்கும். கேமரன் மலையில் காற்று குளிர்ந்தது, நிலமும் உயர்ந்தது. தாழ்வான எங்கள் சுங்கை சிப்புட்டில் கேட்காதது அங்கே கேட்கும். அதனால் விதியில் ஒரே ஒரு மாக் எண்ணை எழுதி வைப்பது தவறு. அன்றன்றைய வெப்பத்தையும் காற்றையும் வைத்துப் பயணத்துக்கு முன் கணக்கிட்டாக வேண்டும்.

வரம்பு மீறினால் என்ன ஆகும்? கான்கார்டின் அதிர்ச்சி அலை தரையில் தந்த அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 10 கிலோ. லயத்து வீட்டுக் கூரையில் ஒன்றரைச் சதுர மீட்டர் தகரத்தை அது 15 கிலோ பாரத்தோடு அழுத்தி, அடுத்த நொடிப்பொழுதில் மேலே இழுக்கும். உறுதியான கட்டடம் தாங்கும். துருப்பிடித்த ஆணியும் ஆடிக்கொண்டிருக்கும் ஜன்னல் கண்ணாடியும்தான் எங்கள் கவலை. 15 கிலோமீட்டர் உயரத்தில் பறந்தால் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் அகலத்துக்கு இது விழும். மலாக்கா நீரிணையின் தென்பகுதி அதைவிடக் குறுகல். நடுக்கடலில் பறந்தாலும் இரு கரையும் கேட்கும்.

வேகமெடுக்கும் கட்டம் இன்னும் மோசம். அப்போது அலைகள் ஓரிடத்தில் குவிந்து பல மடங்கு பலமாக அடிக்கும். ஆகவே பினாங்குக்கு வடமேற்கே அந்தமான் கடல் விரியும் வரை ஒலிவேகத்துக்குக் கீழேயே பறக்கச் சொல்லுங்கள்.

நிலத்தின் மேல் அனுமதி கேட்டு வருபவர்களிடம் வேகத்தை மட்டும் கேட்காதீர்கள். தரையில் எவ்வளவு அழுத்தம் என்று கேளுங்கள். அதை அளக்கும் ஒலிவாங்கிகளை விமான நிலையத்தில் மட்டும் வைக்காமல் செம்பனைத் தோட்டத்திலும் தமிழ்ப்பள்ளி வளாகத்திலும் மலையடிவாரத்திலும் வையுங்கள். இரு பருவக்காற்றுக் காலங்களிலும், விடியலிலும் நண்பகலிலும் அளக்க வேண்டும். முடிவுகளை மலாயிலும் தமிழிலும் தோட்ட அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
விமானப் பராமரிப்புத் துறையினர் சிலர்,
சுங்கை சிப்புட், பேராக்