செயலாளர் ஆண்டறிக்கை: போதிகையில் ஓர் ஐந்து விளிம்பு முனை

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

காரைக்குடியில் நம் கணித வட்டம் இந்த ஆண்டும் மாதம் ஒரு ஞாயிறு கூடியது. மழையால் ஐப்பசிக் கூட்டம் மட்டும் நடக்கவில்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

ஆண்டு முழுக்க எடுத்துக்கொண்டது உட்பிரிப்புப் பரப்புகள். கரடான ஒரு வலையை ஒரே விதிப்படி திரும்பத் திரும்பப் பிரித்து, வழவழப்பான பரப்பைப் பெறும் முறை. முதல் கூட்டத்திலேயே நம் தச்சர், "சதுரக் கட்டையை எட்டுப்பட்டை, பதினாறு பட்டைன்னு சீவித்தானே உருட்டுறோம்" என்றார். அதே எண்ணம்தான். 1974இல் சைக்கின் தந்த விதியில், ஒவ்வொரு பக்கத்திலும் கால், முக்கால் இடங்களில் புள்ளி வைத்து மூலையை வெட்டிக்கொண்டே போகிறோம். ஆனால் சதுரத்தில் தொடங்கினால் வட்டம் வராது. பரவளையத் துண்டுகள் சேர்ந்த வளைவுதான் வரும். கரும்பலகையில் போட்டுப் பார்த்த பிறகே பலர் நம்பினார்கள்.

அப்புறம் பரப்புக்கு வந்தோம். 1978இல் கேட்மல், கிளார்க் இருவரும் ஒரு விதி சொன்னார்கள். அதே ஆண்டு டூ, சேபின் இன்னொன்று. முக்கோண வலைக்கு 1987இல் லூப் தந்ததை ஒரே கூட்டத்தில் முடித்துக்கொண்டோம்.

கேட்மல்-கிளார்க் விதியில் ஒரு கனசதுரத்தின் 6 முகங்கள் 24 ஆகும், பிறகு 96, 384. ஆனால் அந்த 8 மூலைகள் மட்டும் எத்தனை முறை பிரித்தாலும் மூன்று விளிம்புகள் கூடும் முனைகளாகவே நிற்கும். நான்கு விளிம்புகள் கூடும் இடங்களில் பரப்பு வளையும் அளவும் தொடர்ச்சியாக வரும். மற்ற முனைகளில் தொடுதளம் மட்டுமே உறுதி.

இதைக் கையால் உணர, செட்டிநாட்டு வீட்டு முற்றமான வளவில் நிற்கும் தூணின் போதிகை (உச்சியில் உத்தரத்தைத் தாங்கும் கட்டை) ஒன்றை பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் வரைந்து, தேக்கில் கடைந்து எடுத்தோம். திரையில் எல்லோருக்கும் சரியாகத்தான் தெரிந்தது. மெருகு போட்டதும் தச்சர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து, தாமரை மொட்டுக்கு மேலே விரல் வைத்தார்: "இங்க வெளிச்சம் ஒடியுது." வலையைத் திறந்து பார்த்தால், ஐந்து விளிம்புகள் கூடும் முனை மிகச் சரியாக அங்கேதான்.

அடுத்த மூன்று கூட்டங்களும் அந்த ஒரு புள்ளிக்கே போயின. முனையைச் சுற்றியுள்ள புள்ளிகளை ஒரு பிரிப்பிலிருந்து அடுத்த பிரிப்புக்குக் கொண்டுபோகும் அணியை (எண் அட்டவணையை) எழுதி, அதன் ஐகன் மதிப்புகளை, அதாவது சில திசைகளை அந்த அணி எத்தனை மடங்காக்குகிறது என்று சொல்லும் எண்களைக் கண்டோம். முதலாவது 1. அடுத்த இரண்டும் சமம். தொடுதளத்தைத் தீர்மானிப்பவை அவைதான். இந்த வழியைத் தொடங்கிவைத்தவர்கள் டூவும் சேபினும். அது மட்டும் போதாது, அந்த இரண்டிலிருந்து பிறக்கும் படம், அதாவது முனையைச் சுற்றிய பகுதியைத் தளத்தில் விரித்துக் காட்டும் சார்பு, தன்மேல் மடியக் கூடாது என்ற நிபந்தனையை 1995இல் ரைஃப் நிறுவினார். இந்த ஆண்டு நாம் படித்ததிலேயே அழகானது அதுதான் என்பேன்.

இரண்டாவது மாதிரியில் அந்த முனையை இதழின் அடியில், வெளிச்சம் படாத இடத்துக்கு நகர்த்தினோம். இரண்டு போதிகைகளும் கூடத்து மேசையில் இருக்கின்றன. கூட்டம் முடிந்ததும் ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பாருங்கள்.