78 வேகத் தட்டுகளை 45-ல் ஓட்டிப் பதிந்தது குறித்துப் புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர்,
மயிலாப்பூர், சென்னை.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: கர்நாடக இசைத்தட்டுகளையும் கேசட்டுகளையும் கணினிக் கோப்புகளாக மாற்றியதில் குறைபாடு, நான்கு தட்டுகள் சேதம் – மறுபதிவும் இழப்பீடும் கோருதல் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் 42 கிராமபோன் தட்டுகள் (84 பக்கங்கள்), 18 எல்.பி.க்கள் (நெடுநேரம் ஓடும் வினைல் தட்டுகள்), 11 கேசட்டுகள் ஆகியவற்றைக் கோப்புகளாக்கித் தருவதற்குத் தங்களிடம் ஒப்படைத்து, வரி நீங்கலாக 50,550 ரூபாய் செலுத்தியிருக்கிறேன். ஹார்ட் டிஸ்க்கும் தட்டுகளும் திரும்பி வந்துவிட்டன. கிராமபோன் தட்டுகளின் 84 கோப்புகளில் ஒன்றுகூடத் தேறவில்லை. எல்.பி. கோப்புகள் ரசீதில் எழுதிய தரத்தில் இல்லை. நான்கு தட்டுகள் கெட்டுப்போய்த் திரும்பியிருக்கின்றன. தொலைபேசியில் கேட்டதற்கு, "பழைய ரெக்கார்டு சார், அப்படித்தான் இருக்கும்" என்றார் தங்கள் ஊழியர். அப்படி இருக்காது. ஏன் இருக்காது என்று சொல்ல வேண்டியிருப்பதால்தான் கடிதம் இவ்வளவு நீண்டுவிட்டது.

முதலில் வேகம். "78 வேகத்தில் நேரடிப் பதிவு" என்று தங்கள் விலைப்பட்டியலில் இருக்கிறது. இந்த வேலைக்குப் பயன்பட்ட டர்ன்டேபிளில் (தட்டைச் சுழற்றும் கருவியில்) 78 வேகமே கிடையாது என்கிறேன் நான். சாட்சி, தாங்கள் "மூலம்" என்று பெயரிட்டுத் தந்த தொகுப்பிலேயே இருக்கிறது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். எர்த் வயரைச் சரியாக இணைக்காத டர்ன்டேபிளில் பதிந்தால், மின்சாரத்தின் ரீங்காரம், ஒலியை அதிர்வெண்வாரியாகப் பிரித்து (ஸ்பெக்ட்ரம்) காட்டும் மென்பொருளில் 50, 100, 150 என்று கோடு கோடாகத் தெரியும். தங்கள் எல்.பி. கோப்புகளில் அப்படியே தெரிகிறது. கிராமபோன் கோப்புகளிலோ அந்தக் கோடுகள் 87, 173, 260-ல் நிற்கின்றன. 150-ஐ 260-க்குக் கொண்டுபோவது 1.733 என்ற பெருக்கம். 78-ஐ 45-ஆல் வகுத்தாலும் 1.733-தான். தட்டை 45-ல் ஓட்டிப் பதிந்து, கணினியில் வேகத்தைக் கூட்டியிருக்கிறீர்கள். ரீங்காரமும் பாட்டோடு சேர்ந்து மேலே ஏறிவிட்டது. அது தட்டிலேயே இருந்த பழைய ரீங்காரம் என்று சொல்லவும் வழியில்லை. ஊசி தட்டைத் தொடுவதற்கு முந்தைய சில நொடிகளிலும் அதே 87 இருக்கிறது.

45-ல் ஓட்டிப் பிறகு வேகம் கூட்டுவது குற்றமல்ல. வளைந்து ஊசி துள்ளும் தட்டுக்கும், விரிசல் விட்ட தட்டுக்கும் கைதேர்ந்தவர்களே அப்படிச் செய்வதுண்டு. ஆனால் அப்போது ஆர்.ஐ.ஏ.ஏ. சமன்பாடு (எல்.பி.க்கு உரிய ஒலித் திருத்த அளவு) போடாத, தட்டையான பிரீ-ஆம்ப் (ஊசியின் மெல்லிய ஒலியைப் பெருக்கும் கருவி) வழியாகத்தான் பதிய வேண்டும். எல்.பி.யில் மந்தர ஒலிகளை அடக்கியும் உச்ச ஒலிகளைத் தூக்கியும் வெட்டியிருப்பார்கள். கேட்கும்போது பிரீ-ஆம்ப் அதைத் தலைகீழாக்கும். 1954 வாக்கில் பொதுவாகிவிட்ட இந்த அளவு, 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே தூக்கி, 2,122-க்கு மேலே இறக்கும். 1930களின் தட்டுகளுக்கு இந்த அளவே பொருந்தாது. அவற்றில் மந்தர அடக்கம் பெரும்பாலும் 250, 300 ஹெர்ட்ஸ் பக்கம்தான் தொடங்கும்; உச்சத்தில் தூக்கல் இருப்பதில்லை. தாங்கள் பொருந்தாத அளவைப் போட்டதோடு, போட்ட பிறகு வேகத்தையும் கூட்டிவிட்டீர்கள். 500 என்ற எல்லை 867-க்கும், 2,122 என்ற எல்லை 3,678-க்கும் நகர்ந்துவிட்டன. மிருதங்கத்தின் தொப்பி (இடப்பக்கம்) அண்டாவைத் தட்டியது போல ஊதுகிறது, வலந்தலை (வலப்பக்கம்) மழுங்கிக் கிடக்கிறது. வயலின் கம்பளிக்குள்ளிருந்து கேட்கிறது. இது தட்டின் வயது அல்ல.

வேகத்தில் இரண்டாவது கோளாறு இதைவிட மோசம். 17-ஆம் எண் தட்டில் ஒரே கீர்த்தனை இரண்டு பக்கங்களில் இருக்கிறது: பல்லவியும் அனுபல்லவியும் ஒரு பக்கம், சரணம் மறுபக்கம். பத்து அங்குலத் தட்டில் பக்கத்துக்கு மூன்றரை நிமிடம்தான் கிடைக்கும் என்பதால் அந்நாளில் இப்படித்தான் பிரிப்பார்கள். தங்கள் கோப்பில் முதல் பக்கத்தின் ஸட்ஜம் 196 ஹெர்ட்ஸ், அதாவது ஐந்து கட்டை. இரண்டாம் பக்கத்தில் 208, ஐந்தரைக் கட்டை. தட்டைத் திருப்பிப் போடுவதற்குள் பாடிய அம்மாளுக்குச் சுருதி அரைக்கட்டை ஏறிவிட்டதாம்! ரீங்காரக் கோடு மட்டும் இரண்டு பக்கத்திலும் 87-லேயே இருக்கிறது. ஆகவே கணினிப் பெருக்கலில் தவறில்லை. டர்ன்டேபிளின் பிட்ச் ஸ்லைடரை (வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பொத்தானை) யாரோ 6 சதவீதம் மேலே தள்ளிவிட்டுக் கவனிக்காமல் இருந்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்திலிருந்து 25-ஆம் எண் தட்டு வரை எல்லாமே இந்தத் தூக்கலோடுதான் பதிவாகியிருக்கின்றன.

தொடக்ககாலத் தட்டுகள் எல்லாம் கச்சிதமாக 78-ல் வெட்டப்பட்டவை அல்ல என்பது தெரிந்ததுதான். 80-ம் உண்டு, 75-க்குக் கீழேயும் உண்டு. அதற்காகத்தான் ஒவ்வொரு உறையிலும் பாடகரின் சுருதியை எழுதிய துண்டுச் சீட்டைக் கிளிப் போட்டு வைத்திருந்தேன். கிளிப் கழற்றப்படாமலேயே சீட்டுகள் திரும்பியிருக்கின்றன. வேகம் பார்க்கக் கோடு போட்ட அட்டையை வைத்தோம் என்று தங்கள் ஊழியர் சொன்னார். 50 ஹெர்ட்ஸுக்கான 77 கோட்டு அட்டை, மின்சாரத்தோடு சேர்ந்து மினுக்கும் நியான் விளக்கில்தான் நின்று தெரியும். மினுக்காத எல்.இ.டி. பல்பின் கீழே வைத்தால் எந்த வேகத்திலும் அது வெறும் அட்டை.

அடுத்தது ஊசி. இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். தங்கள் கோப்பு எதையாவது ஒரே ஸ்பீக்கர் உள்ள செல்போனில் போட்டுக் கேளுங்கள். பாட்டு காணாமல் போய், சரசரப்பு மட்டும் மிஞ்சும். மோனோ தட்டில் ஊசி பக்கவாட்டில்தான் அசைகிறது. ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜின் (ஊசியைத் தாங்கி அதன் அசைவை மின்சாரமாக்கும் பகுதியின்) இரண்டு சானலையும் கூட்டினால் பாட்டு வலுத்து, மேலும் கீழுமான அசைவிலிருந்து வரும் இரைச்சல் கழிய வேண்டும். இங்கே தலைகீழாக நடக்கிறது. கார்ட்ரிட்ஜைப் பொருத்தும் ஹெட்ஷெல்லில் வெள்ளை, நீல வயர்கள் இடது சானல், சிவப்பு, பச்சை வயர்கள் வலது. அந்த இரண்டு ஜோடிகளில் ஒன்று மாற்றிச் செருகப்பட்டிருக்கிறது. ஒரு நிமிட வேலையில் சரியாகியிருக்கும்.

இதே பிழை எல்.பி. கோப்புகளிலும் இருக்கிறது. ஆக, 78-க்கும் எல்.பி.க்கும் போனது ஒரே கார்ட்ரிட்ஜ். எல்.பி. ஊசியின் முனை ஆரம் சுமார் 18 மைக்ரான். கிராமபோன் தட்டின் அகன்ற பள்ளத்துக்கு வேண்டியது 65 முதல் 75 மைக்ரான். சின்ன ஊசி பள்ளத்தின் சுவரில் உட்காராமல், இத்தனை வருடப் புழுதி படிந்த அடியில் உரசிக்கொண்டு ஓடும். இடது, வலது சானல்களின் மட்டம் மாறி மாறி ஏறி இறங்குவதைப் பார்த்தால், ஊசி அங்கே அலைந்திருப்பது தெரிகிறது. 78 தட்டுக்கு உரிய தனி ஊசி என்று பக்கத்துக்கு 350 ரூபாய் வாங்கியிருக்கிறீர்கள்.

"மெருகேற்றியது" என்ற தொகுப்பைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். இரைச்சல் நீக்கும் மென்பொருளை உச்சத்தில் வைத்து, அதற்கு மேல் ஒலி தாழும்போது அடியோடு அடைத்துவிடும் 'கேட்' (gate) ஒன்றையும் போட்டிருக்கிறீர்கள். பேச்சுப் பதிவுக்கு இது சரிப்படும். ஆலாபனையில் பாடகர் மூச்சு விடும் இடம் வெற்றிடம் அல்ல. அங்கே தம்பூரா ஒலித்துக்கொண்டிருக்கிறது, வயலின் பாடியதை வாங்கி மெல்ல இழுத்து முடிக்கிறது. தங்கள் கோப்பில் ஒவ்வொரு மூச்சுக்கும் ஒலி செத்து, அடுத்த சங்கதிக்குப் பிழைக்கிறது. டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடித் தட்டைப் போட்டுப் பாருங்கள்: நாகஸ்வரம் நிற்கும் இடமெல்லாம் ஒத்தும் (சுருதிக் குழலும்) நின்றுவிடுகிறது. ஒத்து ஊதுபவரின் வேலையே நிறுத்தாமல் ஊதுவதுதான்!

கிளிக் நீக்கியும் இப்படியே. கீறலின் "டிக்" சத்தத்துக்கும் மிருதங்கச் சாப்பின் (வலந்தலையில் விழும் கூரிய அடியின்) தொடக்கத்துக்கும் அந்த மென்பொருளுக்கு வித்தியாசம் தெரிவதில்லை. இரண்டுமே திடீரென எழும் கூர்மைதான். தனி ஆவர்த்தனத்தில் சாப்பு விழும் இடமெல்லாம் பஞ்சில் தட்டியது போலிருக்கிறது. கடத்தில் விரல் படும் ஓசை வழித்தெடுக்கப்பட்டிருக்கிறது. இதைக் கையால் செய்ய வேண்டும். அலைவடிவத்தில் கீறல் ஒரு சுற்றுக்கு ஒரு முறை, அதாவது 78 தட்டில் சுமார் 0.77 நொடிக்கு ஒரு முறை வரும். தாளம் அப்படி வராது. அந்தப் பொறுமை இல்லையென்றால் இரைச்சலை விட்டுவைப்பதே மேல். சரசரப்பைத் தாண்டிக் கேட்க எங்கள் காதுக்குப் பழக்கம் உண்டு. இல்லாத தம்பூராவைக் கேட்கத்தான் பழக்கமில்லை.

கோப்பின் தரம் பற்றி: 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வேவ் என்று ரசீது சொல்கிறது. கோப்பின் கனமும் நிமிடத்துக்கு 34.5 எம்.பி. இருக்கிறது. ஆனால் எல்.பி. கோப்புகளில் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கத்தியால் வெட்டியது போல ஒன்றுமே இல்லை. 128 கே எம்பி3-யில்தான் இப்படி வெட்டு விழும். கிராமபோன் கோப்புகளில் அதே வெட்டு 27.7-ல் விழுகிறது. 16-ஐ அந்தப் பழைய 1.733-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். எம்பி3-யாகப் பதிந்து, பெரிய டப்பாவில் மாற்றிக் கொடுத்திருக்கிறீர்கள். நிமிடத்துக்கு 1 எம்.பி.கூடத் தேறாத சரக்கு இது.

எல்.பி.க்களில் ராகம் தானம் பல்லவி உள்ள தட்டு பதினொரு துண்டுகளாக வந்திருக்கிறது. இரண்டு நொடி அமைதி வந்தால் புதிய பாட்டு என்று மென்பொருளிடம் சொல்லியிருக்கிறார்கள். ஆலாபனையின் ஒவ்வொரு நிறுத்தமும் அதற்குப் புதிய பாட்டாகிவிட்டது. பக்கத்துக்கு ஒரு கோப்பு போதும். பெயராக லேபிள் எண்ணையும், நடு வளையத்தில் பொறித்திருக்கும் மேட்ரிக்ஸ் எண்ணையும் போட்டால் ராகம், தாளம், பக்கவாத்தியத்தை நானே எழுதிக்கொள்வேன். "அன்னோன் ஆர்ட்டிஸ்ட்" என்ற பெயரில் பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்காரைத் தேட முடியாது.

கேசட்டுகளில் ஏழு பரவாயில்லை. நான்கு மட்டும், நாடாவைப் படிக்கும் ஹெட்டின் கோணத்தைச் சரிசெய்யும் அசிமத் திருகைத் திருப்பாமல் பதிந்ததால் மங்கலாக இருக்கின்றன. வானொலிக் கச்சேரியை வீட்டில் பிடித்த நாடாக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு டெக்கின் கோணத்தில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் காதால் கேட்டுத் திருக வேண்டும்.

இனிச் சேதம். 6, 9, 30 ஆகிய எண்ணுள்ள தட்டுகள் சாம்பல் பூத்துத் திரும்பியிருக்கின்றன. விளக்கொளியில் சாய்த்துப் பிடித்தால் துணியால் துடைத்த வட்டம் தெரிகிறது. ஆல்கஹால் கலந்த எல்.பி. சுத்திகரிப்பு நீரால் துடைத்திருக்கிறார்கள். எல்.பி. வினைல், அதை ஆல்கஹால் ஒன்றும் செய்யாது. கிராமபோன் தட்டை இறுக்கிப் பிடித்திருப்பது அரக்கு. மர வேலை செய்பவர்கள் பாலிஷுக்கு அரக்கைக் கரைப்பதே ஆல்கஹாலில்தான். காய்ச்சி வடித்த நீரில் சில சொட்டு மென்சோப்புக் கரைசல் விட்டு, லேபிள் நனையாமல் கழுவி உடனே ஒற்றி எடுப்பதுதான் முறை. அந்த மூன்று தட்டுகளின் பள்ளமும் இனி திரும்பாது. 12-ஆம் எண் தட்டில் விளிம்பிலிருந்து லேபிள் வரை விரிசல் ஓடியிருக்கிறது. பெட்டியைத் திறந்தபோது அது 18 எல்.பி.க்களுக்கு அடியில் படுக்கையாகக் கிடந்தது. அனுப்பும்போது தட்டுகள் நிற்க வைத்து, இடையிடையே அட்டை செருகி வந்தன. பெட்டியின் மேல் அம்புக்குறியும் போட்டிருந்தது.

நான் கேட்பது இவ்வளவுதான். சாம்பல் பூத்த மூன்றையும் விரிசல் விட்ட ஒன்றையும் தவிர்த்து, மீதி 38 கிராமபோன் தட்டுகளைக் கட்டணமின்றி மறுபடி பதிந்து தர வேண்டும்: 70 மைக்ரான் அளவிலான ஊசி, அந்த ஊசிக்குரிய எடை (பெரும்பாலும் 3 முதல் 5 கிராம்), தட்டையான பிரீ-ஆம்ப், உண்மையான 24 பிட் 96 கிலோஹெர்ட்ஸ் வேவ், மெருகு எதுவும் இல்லாமல். சமன்பாட்டையும் சுருதித் திருத்தத்தையும் நானே பார்த்துக்கொள்கிறேன். 18 எல்.பி.க்களுக்கும் நான்கு கேசட்டுகளுக்கும் மறுபதிவு அல்லது பணம், தங்கள் விருப்பம். கெட்ட நான்கு தட்டுகளுக்கு அவற்றின் எட்டுப் பக்கங்களுக்குச் செலுத்திய 2,800 ரூபாயும், சேகரிப்பாளர் சந்தையில் அதே தட்டுக்கு ஆகும் விலையும் வேண்டும். மறுபதிவுக்குத் தட்டுகளை அனுப்பும் முன், சரியான ஊசியும் 78 வேகமும் இருப்பதற்கு அத்தாட்சியாக, தங்களிடம் உள்ள வேறு ஏதாவது ஒரு கிராமபோன் தட்டின் ஒரு பக்கத்தைப் பதிந்து மாதிரிக் கோப்பு அனுப்பவும். ரீங்காரக் கோடு எங்கே விழுகிறது என்று முதலில் பார்ப்பேன்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவேன். தாங்கள் அனுப்பிய ஹார்ட் டிஸ்க்கில் எதையும் அழிக்கவில்லை. ரசீதும், ஸ்பெக்ட்ரம் படங்களும், நான்கு தட்டுகளின் புகைப்படங்களும், கிளிப் கழற்றாத சுருதிச் சீட்டுகளின் படமும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்