கணக்கு கேட்டா சாமியாருக்கு எதிரியா?

ஆசிரியருக்கு வணக்கம். பங்குப்பேரவை, அதாவது நம்ம கத்தோலிக்க பங்குல (ஒரு கோயிலச் சேர்ந்த மக்கள்) பங்குச் சாமியாருக்கு ஆலோசனை சொல்ற குழு, அதப் பத்தி நீங்க போட்ட கட்டுரைய வாசிச்சேன், நல்லா இருந்துச்சு, ஆனா பங்குக் காசு நிர்வாகத்துல அவருக்கு உதவ வேண்டிய நிதிக்குழு பத்தி ஒரு வரி கூட இல்ல. அதான் எழுதுறேன்.

நம்ம குமரி கடற்கரைல மீன் ஏலத்துலயே கோயிலுக்குன்னு ஒரு பகுதி காசு பிடிச்சு வளந்த ஊருங்க எத்தனையோ இருக்கு. அந்தக் காசுக்கு கணக்கு கேட்டா "சாமியார எதிர்க்கான்"னு பேரு கட்டிருவாங்க, நாளைக்கு பிள்ளைக்கு கல்யாணம்னா கடிதம் வாங்க அவர்கிட்டதானே போகணும்னு பாதிபேரு வாயே தொறக்கமாட்டாங்க. எங்க பங்குல நோட்டீஸ் போர்டுல ஒட்டுன வருசக் கணக்கு மொத்தமே மூணு வரி, வரவு, செலவு, இருப்பு. திருவிழா பந்தலுக்கு எவ்வளவு, குருசடி (சின்ன சிலுவைக் கோயில்) பெயிண்டுக்கு எவ்வளவு, ஒண்ணும் தெரியாது.

ஆனா 1983ல வந்த திருச்சபை சட்டத்தொகுப்பே நம்ம பக்கம்தான் இருக்கு. பங்குப்பேரவை ஆயர் (பிஷப்) வேணும்னு நினைச்சா வைக்கிறது, அதுவும் ஆலோசனை மட்டும்தான் சொல்லும் (பிரிவு 536). நிதிக்குழு அப்படி இல்ல, ஒவ்வொரு பங்குலயும் இருந்தே ஆகணும் (537). மக்கள் குடுத்த காசுக்கு மக்கள்கிட்ட கணக்கு சொல்லணும்னு 1287 சொல்லுது. அப்போ கேக்குறவன் சட்டத்த மீறல, சட்டப்படிதான் கேக்கான்! (தக்கலை, மார்த்தாண்டம் மறைமாவட்டங்கள், அதாவது ஒரு ஆயருக்குக் கீழ வர்ற பகுதிகள், கத்தோலிக்கத்துலயே கீழைச் சபைகளச் சேர்ந்தது, அதுக்கு 1990ல வந்த தனிச் சட்டம். நான் சொல்றது லத்தீன் சபை மறைமாவட்டங்களான கோட்டாறு, குழித்துறைக்கு.)

இன்னொண்ணு, இதுலதான் நம்ம ஆளுங்க ரொம்ப ஏமாந்து போறாங்க. அதே 1983 சட்டப்படி, ஆயர் போட்ட ஒரு ஆணை தன்னைப் பாதிக்குன்னா, தெரிஞ்ச 10 நாளுக்குள்ள அத மாத்துங்கன்னு அவருக்கே எழுத்துல குடுக்கணும், அவரு முடியாதுன்னா அதுக்கப்புறம் 15 நாளுக்குள்ள மேலிடத்துக்கு போகணும். இங்க என்ன நடக்குது, வீடு வீடா கையெழுத்து வாங்கி, ஊர்க்கூட்டம் போட்டு சண்டையாகி, கடைசில போலீஸ் ஸ்டேஷன், கோர்ட்டுன்னு நிக்கும்போது கெடு எப்பவோ முடிஞ்சிருக்கும். படிச்ச பிள்ளைங்களுக்கே இது தெரியல, யாரும் சொல்லிக் குடுக்கலங்கிறதுதான் எனக்கு வேதனை.

நிதிக்குழுவுக்கு ஆயர்தான் விதிமுறை போடணும்னு 537லயே இருக்கு. அந்த விதிமுறைய தமிழ்ல அச்சடிச்சு ஒவ்வொரு அன்பியத்துக்கும் (பங்குல பக்கத்து வீட்டுக் குடும்பங்க சேர்ந்த சின்னக் குழு) ஒரு காப்பி குடுக்கணும்னு ரெண்டு மறைமாவட்டத்தையும் கேட்டுக்கிறேன். நீங்களும் அடுத்த இதழ்ல இந்தப் பிரிவுகள முழுசா போடுங்க.

ஒரு பங்குமகள்,
குளச்சல் பக்கம்