கீரை தந்தவர்களுக்கும் கூடத்தைத் திறந்து வைத்தவர்களுக்கும் ஒரு நன்றி மடல்

கொழும்பில் விற்கும் கீரையிலும் வாய்க்கால் மீனிலும் ஈயம், கட்மியம் என்ற நச்சு உலோகங்கள் எவ்வளவு சேர்கின்றன என்று பார்த்த எங்கள் இறுதியாண்டு ஆய்வு முடிந்துவிட்டது. அறிக்கையும் கொடுத்தாகிவிட்டது. அதில் நன்றி சொல்ல நாலு வரிதான் இடம். திணைக்களம், விரிவுரையாளர்கள் என்று எழுதியதுமே அது நிரம்பிவிட்டது. எங்களுக்குக் கைகொடுத்தவர்களில் பாதிப்பேர் அந்த அறிக்கையைக் காணவே மாட்டார்கள். அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி, தண்ணீரிலும் சேற்றிலும் வளரும் கங்குன் கீரையைப் பயிரிடும் நானாமாருக்கும் அக்காமாருக்கும். "உங்கள் கீரையில் நஞ்சு இருக்கிறதா என்று பார்க்க வந்திருக்கிறோம்" என்று சொல்லிக்கொண்டு வருபவர்களை யார்தான் வரவேற்பார்கள்? பிழைப்பில் கைவைக்கும் கேள்வி அது. ஒரு நானா முழங்காலளவு தண்ணீரில் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டார். பிறகு ஒரு பிடியைக் கத்தியால் அரிந்தார், இன்னொரு பிடியை வேரோடு பிடுங்கினார், இரண்டையும் கரையில் வைத்தார். "இலைய மட்டும் பாத்தா காணாது, சேத்தையும் கொண்டு போங்க. நாங்களும் இதத்தான் திங்கிறோம் மகள், உள்ளத உள்ளபடி சொல்லுங்க" என்றார். எந்தக் குழாயிலிருந்து எப்போது கறுப்புத் தண்ணீர் வரும், மழை விட்டபின் சேறு எங்கே படியும் என்பதெல்லாம் அவர் காட்டித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

சில மாதிரிகளில் அளவு கூடுதலாகத்தான் இருந்தது. இலைக்கீரை ஒரு கிலோகிராமில் ஈயம் 0.3 மில்லிகிராம், கட்மியம் 0.2 மில்லிகிராம் என்பது கோடெக்ஸ் சர்வதேச உணவுத் தரம் வைத்திருக்கும் எல்லை. அதைத் தாண்டிய கீரை எந்த இடத்தில் வளர்ந்தது என்று இங்கே எழுத மாட்டோம். அந்த உலோகத்தை அங்கே போட்டவர்கள் பயிரிடுபவர்கள் இல்லை. ஈயம் கலந்த பெற்றோல் இலங்கையில் 2002இல் நின்றது. ஆனால் ஈயம் மக்கிப் போகும் பொருள் இல்லை, தெருவோர மண்ணில் இன்னும் கிடக்கும். பழைய பற்றரியும் பெயின்றும் உலோகப் பூச்சு வேலைகளின் கழிவும் மழையோடு வாய்க்காலுக்கு வந்து சேரும். 2018இல் கொழும்புக்கு, ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச ஒப்பந்தமான ராம்சாரின் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தபோது எல்லோரும் மகிழ்ந்தோம். அந்த ஈரநிலங்கள் நகரத்தின் அழுக்கு நீரை வடிகட்டித் தருகின்றன, அழுக்கைச் சேற்றில் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அந்தச் சேற்றில்தான் கங்குன் வேர்விடுகிறது. பழியைக் கீரைக்காரர் தலையில் போட்டுவிட்டுப் போவது அநியாயம். இதை எங்கே பேசக் கூப்பிட்டாலும் சொல்வோம்.

அடுத்தது எங்கள் ஆய்வுகூடத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் அண்ணா. கண்ணாடிக் குடுவையில் ஒட்டியிருக்கும் தூசிகூட ஈய அளவைக் கூட்டிக் காட்டிவிடும். அதனால் ஒவ்வொரு பாத்திரத்தையும் நைத்திரிக் அமிலக் கரைசலில் இரவு முழுக்க ஊறவைத்து, கரைந்த உப்புகூட இல்லாத, அயன் நீக்கிய தண்ணீரில் கழுவ வேண்டும். மறுநாள் காலை எங்களுக்கு முன்னமே வந்து கூடத்தைத் திறந்து வைத்திருப்பார். உருக்குக் கத்தியைத் தொடவிடாமல் பிளாஸ்ரிக் கத்தி வாங்கித் தந்தவரும் அவர்தான். மேற்பார்வையாளர் மெடத்துக்கும் மனமார்ந்த நன்றி. கீரையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், காயவைத்து அளந்தால் அளவு பத்து மடங்கு பெரிதாகத் தெரியும், பச்சை எடைக்கு மாற்றாமல் எல்லையோடு ஒப்பிட்டு ஊரைப் பயமுறுத்தக் கூடாது என்று முதல் நாளே சொல்லித் தந்தார். அவர் தந்த பொறுப்புணர்வு பரீட்சையோடு முடிகிற ஒன்றல்ல.

வாய்க்காலில் தூண்டில் போடும் தம்பிமாரே, நீங்கள் தந்த திலாப்பியாவுக்கு நன்றி. தசையை விட ஈரலில்தான் கட்மியம் அதிகம் சேரும், அதனால் இரண்டையும் தனித்தனியாக அளந்தோம். குடலையும் ஈரலையும் வீட்டில் சமைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தொடர்மாடிகளில் இருக்கும் அம்மாமார், வீட்டில் கிழமைக்கு எத்தனை தரம் கீரை சமைக்கிறீர்கள் என்று சலிக்காமல் எழுதித் தந்தீர்கள். பிள்ளைக்கு எவ்வளவு, பெரியவர்களுக்கு எவ்வளவு என்றுகூடப் பிரித்து எழுதியிருந்தீர்கள். சிறுபிள்ளையின் உடம்பு, விழுங்கிய ஈயத்தைப் பெரியவர்களை விட நாலைந்து மடங்கு கூடுதலாக உறிஞ்சும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதனால் உங்கள் குறிப்பு இல்லாவிட்டால் எங்கள் எண்களுக்கு அர்த்தமே இல்லை. உங்களில் பலர் கேட்டதற்குப் பதில்: கீரையை ஓடும் தண்ணீரில் நன்றாக அலசினால் மேலே படிந்த தூசியும் அதிலுள்ள ஈயமும் போகும். வேர் வழியாக உள்ளே ஏறியது கழுவினாலும் போகாது, அவித்தாலும் அழியாது. கீரையை விட்டுவிடத் தேவையில்லை. ஒரே இடத்துக் கங்குனையே தினமும் வாங்காமல் வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கையிலை என்று மாற்றி மாற்றிச் சமையுங்கள்.

சம்மதப் படிவத்தைச் சிங்களத்தில் எழுதி, ஒவ்வொரு கரையிலும் எங்களோடு நின்று பேசிய வகுப்புத் தோழிக்கு என்ன சொல்ல? அவள் இல்லாமல் பாதி வாசல் எங்களுக்குத் திறந்திருக்காது.

மாதிரி தந்த ஒவ்வொருவருக்கும் அவரவர் முடிவைத் தனித்தாளில், தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வைத்திருக்கிறோம். நானாவின் தாளில் கீரை, வேர், சேறு மூன்றுக்கும் தனித்தனி வரி உண்டு. அடுத்த கிழமையிலிருந்து நாங்களே கொண்டுவந்து தருவோம். கேள்வி இருந்தால் அப்போதே கேளுங்கள், இருந்து பேசிவிட்டுத்தான் போவோம்.