மெக், உனக்குத் தமிழில் ஒரு கடிதம்

மெக்,

மலேசியாவின் கிளந்தான் மாநிலத்தில் பெண்பிள்ளைகளைக் கூப்பிடும் சொல். உன் வீட்டில் எல்லாரும் உன்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், கோலாலம்பூரில் நான் மட்டும்தான். அதனால் இங்கேயும் அப்படியே கூப்பிடுகிறேன்.

இதைத் தமிழில் எழுதக் காரணம் உண்டு. விடுதி அறையில் நாம் சேர்ந்திருந்த இரண்டு வருஷமும், நான் அம்மாவோடு பேசிவிட்டு போனை வைத்ததும் நீ ஒரே கேள்விதான் கேட்பாய்: "அம்மாவிடம் என்ன சொன்னாய்?" நான் "சும்மாதான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வேன். அந்தக் கேள்விக்குத்தான் இப்போது பதில் எழுதுகிறேன். உன் பள்ளியில் தமிழ் தெரிந்த யாரிடமாவது காட்டிப் படிக்கச் சொல். 'க'வும் 'ட'வும் 'ம'வும் உனக்கே தெரியும், மீதியை அவர்கள் சொல்வார்கள்.

நான் கெடாவில் தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவள். பள்ளியில் மலாய்த் தோழிகள் இருந்தார்கள், ஆனால் ஒரே அறையில் யாரோடும் தங்கியதில்லை. நீ கிளந்தானின் தும்பாட்டிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து, எட்டு ஒன்பது மணி நேரம் மலைப்பாதையில் வந்து, விடியற்காலையில் ஒரு பெட்டியோடும் நீளமான ஒரு துணிச்சுருளோடும் அறைக்குள் வந்தாய். பெட்டியைத் திறக்கும் முன்னால் உன் அம்மாவுக்கு போன் போட்டாய். நீ பேசியதில் பாதி எனக்குப் புரியவில்லை. மலாய்தான், ஆனால் சாப்பிடுவதைச் சொல்லும் 'மக்கான்' உன் வாயில் 'மக்கே' ஆனது, மீனைச் சொல்லும் 'இக்கான்' 'இக்கே' ஆனது. 'என்ன' என்பதற்கு 'ஆப்பா' என்று நாங்கள் கேட்பதை நீ 'காப்போ' என்றாய். அதையும் சத்தமாக, சிரித்துச் சிரித்துப் பேசினாய்.

நானோ அம்மாவோடு பேச வராந்தாவின் கடைசிக்குப் போய்விடுவேன். பஸ்ஸிலும் கடையிலும் தமிழ் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வது சின்ன வயதிலேயே ஒட்டிக்கொண்ட பழக்கம். யாரும் என்னை அதட்டியதில்லை, தானாக வந்ததுதான். கோலாலம்பூர் உன்னுடைய ஊர், இங்கே எல்லாக் கதவும் உனக்குத் திறந்தே இருக்கும், நான்தான் விருந்தாளி என்று மனதில் ஓர் எண்ணம் இருந்தது.

முதல் பருவத்தில் நீ வகுப்பின் முன்னால் நின்று பேசிய நாள் ஞாபகம் இருக்கிறதா? பேச்சு நடுவில் ஊர்ச்சொல் ஒன்று நழுவி விழுந்தது. பின்வரிசையில் இருந்தவர்கள் அதே மாதிரி சொல்லிச் சிரித்தார்கள். அவர்களும் மலாய்ப் பிள்ளைகள்தான். அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து, தூடோங்கில், உன் தலைத்துணியில், குத்தியிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டாய். ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் போனை எடுத்து உன் அம்மாவைக் கூப்பிட்டு, எப்போதும் பேசுவதைவிடச் சத்தமாக, முழுக் கிளந்தான் பேச்சில் அரைமணி நேரம் பேசினாய்.

அன்று இரவு நான் வராந்தாவுக்குப் போகவில்லை. உனக்கு இரண்டு முழம் தள்ளி, என் கட்டிலில் உட்கார்ந்து தமிழில் பேசினேன். அம்மாவிடம் அன்று சொன்னது இதுதான்: "அம்மா, இவளும் நம்மள மாதிரி தூரத்துலேர்ந்து வந்தவதான்." அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சாப்பிட்டாளா?" என்று கேட்டார்.

அந்தத் துணிச்சுருளுக்குள் மூங்கில் இருந்தது. பட்டம் செய்ய உன் தாத்தா வெட்டிக் காயவைத்துக் கொடுத்தது. வாவ் பூலான் என்னும் உங்கள் ஊர் நிலாப் பட்டத்தை நான் அதற்கு முன்னால் 1989 நாணய வரிசையின் 50 காசில் அதன் படம் இருக்கிறது என்ற அளவுக்குத்தான் அறிவேன். மேலே விரிந்த சிறகு, கீழே பிறைநிலா. வெள்ளிக்கிழமை இரவுகளில் தரையில் பாய் விரித்து நீ மூங்கிலைச் சீவுவாய். கத்தியால் ஒரு சீவல், விரல் நுனியில் வைத்து நிறுத்திப் பார்ப்பாய், ஒரு பக்கம் சாயும், மறுபடி ஒரு சீவல். வலச்சிறகும் இடச்சிறகும் ஒரே எடை இல்லையென்றால் காற்றில் நிற்காதாம். மூன்று வாரம் அதையேதான் செய்தாய். தாள் ஒட்ட ஆரம்பித்த பிறகுதான் எனக்கும் வேலை கொடுத்தாய். பளபளக்கும் தாளை இரண்டாக மடித்து, நடுவில் ஒரு பூ, அதிலிருந்து கிளம்பி ஓடும் கொடிகள். அதைப் பார்த்து நான் "எங்கள் வீட்டு வாசலில் கோலம் இப்படித்தான் இருக்கும்" என்றேன். "வாசலில் எதற்குக் குளம்?" என்று கேட்டாய். உங்கள் மொழியில் கோலாம் என்றால் குளம், அதுவும் எங்கள் குளத்திலிருந்து போன சொல்தான் என்று நான் சொல்ல, அன்றைக்கு முழுக்கச் சொல் வேட்டை. கெடாய், காப்பால், மோடால். கடை, கப்பல், முதல். கடைசியில் நீ உட்கார்ந்திருந்த கட்டிலையே தட்டி "காத்தில்!" என்று கத்தினாய்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது பட்டத்தின் தலையில் கட்டும் வில். ஓலையைச் சீவிய மெல்லிய பட்டை ஒன்றை அதில் இழுத்துக் கட்டுவாய், காற்றுப் பட்டால் ரீங்காரம் வரும். வாகனம் நிறுத்துமிடத்தில் அதைக் கயிற்றில் கட்டித் தலைக்கு மேல் சுழற்றிப் பார்ப்பாய். சத்தம் சன்னமாக இருந்தால் அவிழ்த்து மறுபடி சீவுவாய். அறுவடை முடிந்த வயலில் பட்டம் ஏற்றி, கயிற்றை மரத்தில் கட்டிவிட்டால் ராத்திரியெல்லாம் அது மேலே நின்று பாடும், அதைக் கேட்டுத்தான் நான் தூங்கி வளர்ந்தேன் என்றாய். விடுதித் திடலில் நம் பட்டம் ஏறிய மாலை, அந்த ரீங்காரம் கேட்டதும் நீ கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். அன்று அம்மாவிடம் அதைத்தான் சொன்னேன்.

உன் முக்கியமான தாள்கள் எல்லாம் ஏன் எப்போதும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில், அலமாரியின் உச்சித்தட்டில் இருக்கின்றன என்று ஒருநாள் கேட்டேன். 2014 டிசம்பர் வெள்ளம் என்றாய். அப்போது நீ தொடக்கப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாய். வீட்டுக்குள் தண்ணீர் நின்ற கோட்டைக் கையால் காட்டினாய், உன் நெஞ்சு உயரத்துக்கு. கோலாலம்பூரில் வந்து மூன்றாவது மாடியில் இருக்கும்போதும் உன் கை உச்சித்தட்டையே தேடியது. அன்றிலிருந்து, மழைச் செய்தி வந்தால் உனக்கு முன்னால் நான் பார்க்கிறேன்.

நோன்பு மாதத்தில் நீ அலாரத்தைத் தலையணைக்கு அடியில் வைத்து, என்னை எழுப்பாமல் இருட்டில் தட்டுத்தடுமாறிச் சாப்பிட்டாய். நான்காம் நாள் நான் விளக்கைப் போட்டு எழுந்து உட்கார்ந்தேன். புடுவில், உங்கள் ஊரில் நெத்திலியை உப்பில் ஊறவைத்துச் செய்யும் குழம்பில், எலுமிச்சையும் மிளகாயும் சின்ன வெங்காயமும் போட்டுக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாய். முதல் வாரங்களில் அந்த வாசனைக்கு நான் ஜன்னலைத் திறந்து வைத்தவள். வாயில் வைத்தால் எங்கள் வீட்டு நெத்திலிக் கருவாடு. அதே மீன், அதே உப்பு. அப்போது ஜன்னலைத் திறந்ததற்கு உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறேன்.

தீபாவளிக்கு நீ எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொன்னதும் அம்மா புதிதாகச் சட்டி, அகப்பை, நான்கு தட்டு வாங்கினார். ஹலால் கடைக் கோழி. புதுத் தட்டில் இன்னும் ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததைப் பார்த்து நீ என்னைப் பார்த்தாய். ஒன்றும் சொல்லாமல் மூன்று தடவை சோறு போட்டுக்கொண்டாய். அந்தச் சட்டியும் தட்டுகளும் இன்றும் தனியாக, துணி போட்டு மூடி இருக்கின்றன. அம்மா வேறு எதற்கும் அதைத் தொடுவதில்லை.

நேற்றும் அம்மாவோடு பேசினேன். நீ இப்போது பள்ளியில் பயிற்சி ஆசிரியை, வகுப்பில் பிள்ளைகள் எல்லாம் உன் ஊர்ப் பேச்சையே பேசுகிறார்கள் என்று சொன்னேன். "இந்தத் தீபாவளிக்கு வருவாளா, புட்டு அவிக்கட்டுமா?" என்று கேட்டார். உங்களிடமும் அது புட்டுதானே. வா. புடு போத்தலை இந்த முறை இரண்டு பை போட்டுக் கட்டிக் கொண்டு வா, தண்ணீர் ஏறுகிற மாதிரி இருந்தால் அதற்கு முன்னாலேயே பஸ் ஏறிவிடு.

உன் அறைத் தோழி