பொழுதுபட்ட பிறகு எழும்பும் குமிழிகள்: மருமகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகளுக்கு,

போன கிழமை தொலைபேசியில் நீ கேட்ட கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்ல மனம் வரவில்லை. "குமிழி ஆராய்ச்சியை விட்டுட்டு மின் உந்திப் பக்கம் போகட்டா மாமா?" என்றாய். பொழுதுபட்ட பிறகு வளிமண்டலத்தின் மேல் அடுக்கில், அயனாக்கப்பட்ட வாயுவான பிளாஸ்மாவுக்குள் எழும்புகிற ஐதான குமிழிகள்தான் உன் ஆய்வு. மின் உந்தி என்பது செய்மதியை மின்சாரத்தால் நகர்த்துகிற இயந்திரம். உன்னைப் போல ஆராய்ச்சிப் படிப்பில் இருக்கிற வேறு பிள்ளைகளும் வாசிக்கட்டும் என்றுதான் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

போகாதே பிள்ளை. மின் உந்தி நல்ல துறைதான். கிரிப்டன், செனன் போன்ற வாயுவை அயனாக்கி, மின்புலத்தால் செக்கனுக்குப் பத்துக் கிலோமீற்றருக்கும் மேலான வேகத்தில் வெளியே தள்ளுவது சின்ன வேலை இல்லை. ஸ்டார்லிங்க் செய்மதிகள் ஆயிரக்கணக்கில் அப்படித்தான் தங்கள் உயரத்துக்கு ஏறுகின்றன. படிப்பு முடிய வேலையும் கிடைக்கும் என்கிறாய், அதுவும் உண்மை. ஆனால் அந்த ஆய்வுக்கு வேண்டியது நல்லதொரு வெற்றிட அறை, அது எந்த நாட்டிலும் இருக்கலாம். நீ இப்போது செய்கிற ஆய்வுக்கு வேண்டியது நம்முடைய வானம். அதை வேறு எங்கேயும் கொண்டுபோய் வைக்க முடியாது.

நான் இதைப் புத்தகத்தில் பார்த்து அறிந்தவன் அல்ல. திருகோணமலையின் கொட்பே துறைமுகத்துக்கு வருகிற படகுகளின் ஜிபிஎஸ் செற்றுகளையும் விஎச்எஃப் வானொலிச் செற்றுகளையும் திருத்துகிற மேசையில் இருந்துதான் அறிந்தேன். மார்ச், ஏப்ரல் வந்தால் ஒரே மாதிரியான முறைப்பாடு வரும். "அண்ணை, பகல்ல ஒரு பிழையும் இல்லை. பொழுதுபட்டாப் பிறகு சற்றலைட் ஒவ்வொண்டா விழுந்துபோகுது." செற்றைக் கழற்றிக்கொண்டு வருவார்கள். அன்டெனா வயரின் முனையைப் பார்ப்பேன், பச்சை பூத்திருக்காது. பற்றறி சரியாக இருக்கும். பகலில் கடை வாசலில் வைத்தால் எல்லாச் செய்மதியும் பிடிக்கும். அதே செற்றை இரவு எட்டு மணிக்கு மொட்டைமாடியில் வைத்துப் பார்த்தால், திரையில் செய்மதி அலைகளின் பலத்தைக் காட்டி உயர்ந்து நின்ற பட்டைகளில் மேற்குப் பக்கத்து இரண்டு மூன்று திடீரென்று நடுங்கத் தொடங்கும். ஒன்று பாதியாகும், மற்றது மறையும், சில நிமிடத்தில் திரும்பி வரும். அப்புறம் அந்த நடுக்கம் உச்சிக்கும் கிழக்குக்கும் நகரும். எல்லாப் பழுதும் வானத்தால் வருவது என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலானவை உப்பும் ஈரமும் செய்கிற வேலைதான். ஆனால் மேற்கிலிருந்து கிழக்காக ஒழுங்காக நடந்துபோகிற பழுதை உப்பு செய்யாது.

அந்த நடை உன்னுடைய குமிழியின் நடை. தன் வழியே வருகிற செய்மதி அலையைக் குமிழி சிதறடிக்கிறது, அதுதான் திரையில் நடுக்கமாகத் தெரிகிறது.

நம் ஊர் இருக்கிற இடத்தைப் பார். பூமியின் காந்த நடுக்கோடு நமக்குக் கிட்டத்தான் ஓடுகிறது. நடுவில் சமன் செய்து தொங்கவிட்ட காந்த ஊசி லண்டனில் 66 பாகை அளவுக்குச் சரிந்து நிலத்தைக் குத்தும். திருகோணமலையில் அது ஏறத்தாழக் கிடையாகவே நிற்கும். 1963 நவம்பர் 21இல் இந்தியா தன் முதல் ஆய்வு ரொக்கெட்டைக் கேரளத்துத் தும்பாவில் இருந்து ஏவியதற்குக் காரணமே இந்தக் காந்த நடுக்கோடுதான். தும்பாவும் நம் ஊரும் ஏறத்தாழ ஒரே அகலக்கோட்டில், 8.5 பாகை வடக்கில் இருக்கின்றன. இடையில் சுமார் 480 கிலோமீற்றர்.

பகலில் இங்கே மின்புலம் கிழக்கு நோக்கியும் காந்தப்புலம் வடக்கு நோக்கியும் இருப்பதால் பிளாஸ்மா மேலே தூக்கப்படுகிறது. உயரத்துக்குப் போனது காந்தக் கோடுகளின் வழியே இரு பக்கமும் வழிந்து, வடக்கே அகமதாபாத்தும் கல்கத்தாவும் இருக்கிற அகலக்கோடுகளை அண்டி இறங்கிக் குவிகிறது. ஜிபிஎஸ் நடுக்கம் நம்மைவிட அங்கே கடுமையாக இருப்பது இதனால்தான். பிறக்கிற இடம் இங்கே, பாடு அங்கே.

பொழுதுபட்டவுடன் கீழ் அடுக்கில் அயன்களும் இலத்திரன்களும் விரைவாக மீண்டும் சேர்ந்துவிடுகின்றன. மேல் அடுக்கு அடர்த்தி குறையாமல் நிற்பதோடு, அந்த நேரத்தில் வலுக்கிற மின்புலத்தால் இன்னும் உயர ஏறிவிடுகிறது. எண்ணெய்க்கு மேல் தண்ணீர் நின்றால் எவ்வளவு நேரம் நிற்கும்? அடியில் இருக்கிற ஐதான பகுதி மேல்நோக்கிப் பீறிட்டுக் குமிழியாக எழும்புகிறது. செக்கனுக்கு நூறு மீற்றரும் அதற்கு மேலும் ஏறி, சில நாள்களில் 1000 கிலோமீற்றரையும் தாண்டுகிறது. ரெய்லி-டெய்லர் நிலையின்மை என்று நீ சொல்வது இதைத்தானே. 1938இல் பெரு நாட்டின் வாங்கையோவில் புக்கர், வெல்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வானொலி அலையின் எதிரொலியில் இதன் தடத்தைக் கண்டார்கள். அன்று தொடங்கிய ஒரு கேள்வி இன்னும் அப்படியே கிடக்கிறது: காலநிலை ஒன்று, மாதம் ஒன்று, சூரியனும் அதே சூரியன், பிறகு ஏன் இன்று குமிழி வருகிறது, நாளைக்கு வராமல் விடுகிறது? கீழே எழும்பும் இடிமேகங்களின் அலை மேலே போய் விதை போடுகிறது என்பது ஒரு பக்கத்து வாதம். மாலைக் காற்றும் மின்புலமும் மட்டும் போதும் என்பது மறுபக்கம். இந்தக் கேள்விக்குள் இருக்கிற பிள்ளை நீ. இதை விட்டுவிட்டு வர உனக்கு மனம் வருமா?

இப்போது அந்த 480 கிலோமீற்றருக்கு வருகிறேன். இதற்காகத்தான் இந்தக் கடிதமே. முன்னிரவில் குமிழிகள் கிழக்கு நோக்கி செக்கனுக்கு 100 மீற்றர் அளவில் நகர்கின்றன என்று நீதான் எனக்குச் சொல்லித் தந்தாய். கணக்குப் போட்டுப் பார்த்தேன். கேரளக் கரைக்கு மேலே தெரிகிற ஒரு குமிழி ஏறத்தாழ 80 நிமிடத்தில் கோணேசர் கோவிலுக்கு மேலே வர வேண்டும். வருகிறதா? வரும்போது வளர்ந்திருக்கிறதா, செத்துப்போகிறதா? நம் கிழக்குக் கரையில் ஜிபிஎஸ் அலையின் நடுக்கத்தை அளக்கிற ஒரு மானி வைத்தால் அதை நேராகப் பார்க்கலாம். ராஸ்பெரி பை போன்ற சிறு கணினிப் பலகையில் ஓடுகிற மலிவான ஜிபிஎஸ் மானிகளை ஆய்வாளர்களே செய்து வெளியிட்டிருக்கிறார்கள் என்று நீ சொன்னாய். பல லட்சம் கொடுத்து வாங்க வேண்டிய கருவிக்காகக் காத்திருக்காதே. சின்னதில் தொடங்கு.

நம் ஆட்களுக்கு இதால் என்ன என்று அம்மா கேட்கிறாராம். அவருக்கும் இதை வாசித்துக் காட்டு. இங்கே சின்னப் படகுக்காரர் கடலடியில் உள்ள பார்களை, அதாவது பாறைத் திட்டுகளை, ஜிபிஎஸ் புள்ளியாகத்தான் சேமித்து வைத்திருக்கிறார்கள். அலை போகும் வழியில் சதுர மீற்றருக்கு 1க்குப் பின் 16 பூச்சியம் என்ற கணக்கில் இலத்திரன் இருந்தால், ஒரே மீடிறனில் (அதிர்வெண்ணில்) வேலை செய்கிற செற்றில் தூரம் 16 சென்ரிமீற்றர் பிழைக்கும். சூரியனின் செயற்பாடு உச்சத்தில் இருக்கிற வருடங்களில் அது நூறு மடங்காகலாம், அதாவது 16 மீற்றர். செய்மதி அனுப்புகிற திருத்தம் அதில் பாதியளவைத்தான் போக்கும். திறந்த கடலில் அது பெரிய விஷயம் இல்லை. சின்னப் பாரில் நங்கூரம் போடுகிறவனுக்கு எட்டு மீற்றரும் கணக்குத்தான். இரண்டு மீடிறன் செற் வாங்கினால் இந்தப் பிழை போய்விடும், குமிழி தருகிற நடுக்கம் போகாது. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல ஆள் இல்லாததால், நல்ல செற்றைப் பழுது என்று தள்ளிவிட்டுக் கடன்பட்டுப் புதிது வாங்குகிறார்கள். எனக்கு மிகவும் வலிக்கிற இடம் இதுதான். தமிழில் இரண்டு பக்கம் போதும்: எந்த மாதம், எத்தனை மணி, திரையில் என்ன தெரியும், எப்போது பொறுத்திருக்க வேண்டும், எப்போது கடைக்குக் கொண்டுபோக வேண்டும். அதை நீ எழுத வேண்டும். உன் ஆய்வேட்டுக்குக் கொடுக்கிற அதே கவனத்தோடு எழுத வேண்டும்.

செய்மதிகளை நிலையாக நிறுத்தி உலகத்துக்கே செய்தி அனுப்பலாம் என்று 1945இல் எழுதிய ஆர்தர் சி. கிளார்க், 1956இல் கோணேசர் கோவில் நிற்கிற சுவாமி மலையின் அடியில் கடலில் மூழ்கிக் கோணேசர் கோவிலின் பழைய தூண்களைக் கண்டவர். விண்வெளி பற்றிய பேச்சு நம் ஊருக்குப் புதிது இல்லை. 2019 டிசம்பர் 26 வளையக் கிரகணத்தை நீயும் இங்கேதானே பார்த்தாய். நிழல் கடந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் நம் தலைக்கு மேல் அயனாக்கமும் இறங்கியிருக்கும். அன்று அளந்து வைத்திருந்தால் இன்று உன் கையில் தரவு இருந்திருக்கும்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். உன் பேராசிரியரிடம் இந்த மாதமே கேள். மானிக்கு இடம் என் கடையின் மொட்டைமாடி, நாலா பக்கமும் வானம் திறந்து கிடக்கிறது. மின்சாரம் போனால் தாங்குகிற பற்றறியும் இணைப்பும் என் பொறுப்பு. நிரந்தர இடம் வேண்டுமென்றால் கோணேசபுரியில் இருக்கிற திருகோணமலை வளாகத்தின் பௌதிகவியல்காரரோடு நீயே பேசு, தரவைப் பார்க்க அங்கே மாணவர்களும் இருப்பார்கள். பகலும் இரவும் சமமாகிற மார்ச் சமஇரவுக்கு முன்னால், பெப்ரவரியிலேயே மானியைப் பொருத்திவிட வேண்டும். பலகையின் விபரத்தையும் அன்டெனா வயரின் வகையையும் எழுதி அனுப்பு. வயர் நீளம் கூடினால் இடையில் பெருக்கி போட வேண்டி வரும், அதை நான் இங்கேயே செய்துவிடுவேன்.

அன்புடன்,
மாமா
திருகோணமலை