மூன்று அங்குலமே இருக்கட்டும்

மான்செஸ்டர்,
நவம்பர்.

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். சாப்பாட்டுக்குக் குறையில்லை, நானே பொங்கிக்கொள்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். வெயில்தான் கண்ணில் படுவதில்லை. நாலு மணி தாண்டினால் இருட்டு. மழையும் கொட்டித் தீர்க்காமல் நாள் முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கிறது.

என்னதான் படிக்கிறாய் என்று போனில் கேட்டீர்களே, இந்தப் பருவம் பாய்ம இயக்கவியல். தண்ணீரும் காற்றும் ஓடும் விதம்தான் பாடம். நேவியர்–ஸ்டோக்ஸ் என்றொரு சமன்பாடு. எல்லா நிலைக்கும் பொருந்தும்படி அதைத் தீர்த்தவர் இன்னும் இல்லை. எங்களுக்குப் பரீட்சை அதில்தான்!

ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்பவர் இதே ஊரில் பேராசிரியராக இருந்தார். கண்ணாடிக் குழாயில் தண்ணீரை ஓடவிட்டு, நடுவில் சாயம் விட்டுப் பார்த்தவர். 1883இல் அதை எழுதி வெளியிட்டார். மெதுவாக ஓடினால் சாயம் நூல் பிடித்த மாதிரி நேராகப் போகிறது. வேகத்தைக் கூட்டினால் ஓர் இடத்தில் சட்டென்று கலைந்து குழாய் முழுக்கப் பரவிவிடுகிறது. பிற்காலத்தில் அதே கருவியில் செய்து பார்த்தால், அவர் கண்ட வேகத்துக்கு முன்பே தண்ணீர் கலங்கிவிட்டதாம். தெருவில் போகும் வண்டிகளின் அதிர்வுதான் காரணம். அவர் காலத்தில் குதிரை வண்டிதானே.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மோட்டாரிலிருந்து வயலுக்குப் போகும் நம் டெலிவரி பைப்பில் ஓடுவதும் இந்தக் கலங்கல் ஓட்டம்தான். மோட்டார் தரும் அழுத்தத்தில் ஒரு பங்கை அது வழியிலேயே தின்றுவிடும். தெற்கு வயலுக்கு 2 அங்குலப் பைப் போதும், விலை குறைவு என்கிறானாம் தம்பி. வேண்டாம் அப்பா. 3 அங்குலத்தில் போகும் அதே தண்ணீர் 2 அங்குலத்தில் போக வேண்டுமானால், உரசலில் போகும் இழப்பு ஏழு மடங்குக்கு மேல். மோட்டாரால் அவ்வளவு தள்ள முடியாது, தண்ணீர்தான் குறையும். கரண்ட் இலவசம்தானே என்பான். மும்முனை கரண்ட் இருக்கும் நேரத்துக்குள் வயல் பாய வேண்டாமா? பைப்பைத் திருப்பும் எல்போ வளைவுகளையும் முடிந்தவரை குறைக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், கோடையில் கிணற்றுத் தண்ணீர் மோட்டாருக்குக் கீழே எத்தனை அடிக்கு இறங்குகிறது என்று எழுதுங்கள். மோட்டார் தண்ணீரை உறிஞ்சுவதாக நினைக்கிறோம். உண்மையில் வெளிக்காற்றின் அழுத்தம்தான் கீழிருந்து தள்ளுகிறது. கணக்குப்படி அதன் எல்லை 10 மீட்டர் சொச்சம், நடைமுறையில் 7 மீட்டர் வந்தாலே பெரிது. 20 அடியைத் தாண்டுமானால் பைப் வாங்குவதற்கு முன் மோட்டாரைக் கீழே இறக்குவதைப் பற்றிப் பேசுவோம்.

அன்புடன்,
உங்கள் மகள்